மொழி வக்கீல்

"கடைப்பக்கம் போனால் பால் வாங்கி வரலாம்" என்று வீட்டில் சொன்னால் அவர் வெறுங்கையோடு திரும்பி வருவார். கேட்டால், "'லாம்' என்பது அனுமதி. கட்டாயமில்லை" என்பார். மறுநாள் "வாங்கி வந்தால் நல்லது" என்று சொல்லிப் பாருங்கள். அது பரிந்துரையாம், அதற்கும் பால் வராது. "வாங்கி வர வேண்டும்" என்றால்தான் வரும். அப்போதும் என்ன பால் என்று சொல்லாமல் விட்டால் ஆட்டுப்பாலோடு வந்து நிற்பார். செய்கிறவர் விருப்பத்துக்கு விடப்பட்டதை அவர் எப்படிச் செய்தார் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கும்.

கணினிக்காரர்கள் இவரை மொழி வக்கீல் என்பார்கள். கறுப்பு அங்கி கிடையாது. இவருடைய சட்டப் புத்தகம் ஐ.எஸ்.ஓ. 14882, அதாவது சி++ மொழியின் தரநிலை. 1979-ல் பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தனியாளாகத் தொடங்கிய வேலை அந்த மொழி. தேரைச் செய்தவர் ஒருவர். இப்போது வடம் பிடிக்க இருநூறு பேருக்கு மேல் கூடிய கூட்டங்களும் உண்டு. எல்லோரும் ஒரே திசையில்தான் இழுக்க வேண்டும் என்று தரநிலையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

தரநிலைக் குழுவின் கூட்டம் திங்கள் முதல் சனி வரை நடக்கும். ஹவாயில் கோனா என்ற கடற்கரை ஊரில் பல முறை கூடியிருக்கிறார்கள். நம்மவர் அங்கே போய் வந்தவர்தான்; கடல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பகலெல்லாம் ஜன்னலில்லாத அறை, இரவெல்லாம் மறுநாள் பேப்பர். யாருக்காவது ஒரு யோசனை தோன்றினால் அதை எண்ணிட்ட பேப்பராக எழுதித் தர வேண்டும். அதைத் திருத்த வேண்டும். திருத்தியதைத் திருத்த வேண்டும். ஏழாம் திருத்தத்தில் நம்மவர் எழுந்து, "எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை, ஆனால்..." என்று தொடங்கினால், எழுதியவர் எட்டாம் திருத்தத்துக்குக் கோப்பைத் திறந்துவிடுவார்.

வாக்கெடுப்பில் ஐந்து வகை: வலுவான ஆதரவு, ஆதரவு, நடுநிலை, எதிர்ப்பு, வலுவான எதிர்ப்பு. தலைவர் தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. ஒத்த கருத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பது பேர் ஆதரித்தும் பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விஷயம் அதோடு நின்றுபோகலாம். நடுநிலைக்குக் கை தூக்கவென்றே கடல் கடந்து வருகிறவர்களும் உண்டு.

சண்டை சூடு பிடிப்பது பெயர் வைக்கும்போதுதான். பிள்ளைக்குப் பெயர் வைக்க இரண்டு பாட்டிகள் போதும். இங்கே இருநூறு பேரும் பாட்டிகள். ஹாஷ் மேப் என்று உலகமே அழைத்த பொருளைத் தரநிலைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆளாளுக்கு ஒன்று செய்து வைத்திருந்ததால், அது 2011-ல் அன்ஆர்டர்டு மேப் ஆனது. 2020-ல் மற்ற மொழிகளில் உள்ள 'அவெயிட்', 'யீல்டு' இரண்டும் வேண்டியிருந்தன. யீல்டு என்பது கடன்பத்திரக் கணக்குக்காரர்கள் அன்றாடம் எழுதும் சொல். அதை மொழியே எடுத்துக்கொண்டால் அவர்களுடைய நிரல் படுத்துவிடும். ஆகவே முன்னால் 'கோ' என்று ஒட்டி, நடுவே ஓர் அடிக்கோடும் போட்டார்கள். பக்கத்து வீட்டு சி மொழி இதற்கும் மேல். உண்மை, பொய் இரண்டையும் குறிக்கும் 'பூல்' வகையை 1999-ல் அடிக்கோட்டு முகமூடி போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். முகமூடியில்லாத பெயர் முறையான சொல்லாக ஏறியது 2023-ன் தரநிலையில்.

இது பரம்பரைக் குணம். 1958-ல் சூரிக்கில் மூதாதை மொழியான அல்காலுக்காக அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் கூடினார்கள். தசமத்துக்குப் புள்ளியா, காற்புள்ளியா என்று கேள்வி வந்தது. புள்ளி வைக்கவே மாட்டேன் என்று ஒருவர் மேசையில் குத்தினாராம். கடைசியில் மொழியையே மூன்று வடிவமாகப் பிரித்தார்கள்: பேசி முடிவெடுக்க ஒன்று, அச்சில் போட ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று. எந்தப் பாகப்பிரிவினையிலும் இவ்வளவு நேர்த்தியைப் பார்க்க முடியாது.

நம்மவருக்கு நா இனிக்கும் சொல் 'வரையறுக்கப்படாத நடத்தை'. நிரலில் அந்தத் தவறு இருந்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். மூக்கிலிருந்து பிசாசுகள் பறந்து வந்தாலும் விதிமீறல் ஆகாது என்பது 1992-லிருந்து இந்த வட்டாரத்து வேடிக்கை. எனக்குப் பிடித்தது வேறொன்று: நிரல் தவறுதான், ஆனால் தவறு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் கம்பைலருக்கு இல்லை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு, காரணமும் சொல்லாமல், பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிடும் சித்தப்பாவை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கேலி செய்கிறேனே தவிர, இந்த மொழியில் பல வருடம் சோறு தின்றவன் நான். அவருடைய 'ஆனால்' எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலிலிருந்து வருகிறது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1998-ல் எக்ஸ்போர்ட் என்று ஒரு வசதியைச் சேர்த்தார்கள், யாரும் செய்து பார்க்காமலே. பிறகு மிகச் சிறிய நிறுவனம் ஒன்று முட்டி மோதிச் செய்து முடித்தது. மற்றவர்கள் யோசனை கேட்டபோது அவர்கள் சொன்னது: வேண்டாம். 2011-ல் எடுத்துவிட்டார்கள்.

அந்த 2011-ன் பதிப்புக்கே முதலில் 200-ஏதோ என்றுதான் பெயர். அந்தப் பத்தாண்டுக்குள் வராததால், 'ஏதோ' என்பது பதினாறடிமான எண் என்று சொல்லிச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு ரயில் மாதிரி மூன்று வருடத்துக்கு ஒன்று கிளம்புகிறது. ஏறாத பேப்பர் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சுமை ஏறுவதைப் பார்த்த ஸ்ட்ரூஸ்ட்ரப், 1628-ல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பலை நினைவில் வையுங்கள் என்று 2018-ல் ஒரு பேப்பரே எழுதினார். நம்மவர் படித்துத் தலையாட்டினார். கப்பலை மூழ்கடிக்கப் போவது பக்கத்து நாற்காலிக்காரரின் பேப்பர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

1998-ல் எழுநூற்றுச் சொச்சம் பக்கமாக இருந்த தரநிலை 2020-ல் 1,800 பக்கங்களைத் தாண்டியது. எழுதியவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. சம்பளம் தருவதில்லை, புத்தகத்தை மட்டும் விலைக்கு விற்கிறது. நம்மவர் அதை வாங்கியதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரைவைத்தான் அவரும் படிக்கிறார்.