நாவல் பாத்திரத்துக்குப் பிடியாணை

கேள்வி: கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவைக் கண்டு அரசு அஞ்சியது ஏன்?

பதில்: அவர் ஏழைகளுக்குப் புரியும்படி எழுதத் தொடங்கியதால்! 1938இல் லிமுரு அருகே பிறந்த கூகி, 1964இல் ‘வீப் நாட், சைல்ட்’ நாவலால் புகழ் பெற்றார். 1977இல் வந்த ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ ஆட்சியாளரை வெளுத்து வாங்கியது. ஆனால் அது ஆங்கில நாவல், ஆள்வோர் பொறுத்துக்கொண்டனர். அதே ஆண்டு கமிரித்து கிராமத்து உழவரும் தொழிலாளரும் கூகியின் தாய்மொழியான கிக்கூயுவில் அவரது நாடகத்தை நடித்தார்கள். சில வாரங்களில் தடை, ஆண்டிறுதியில் விசாரணையின்றிச் சிறை.

சிறையில் கொடுத்த கழிவறைக் காகிதத்தில் கிக்கூயு நாவல் எழுதினார். அதுவே தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. அரசு இலவசமாகக் காகிதம் வழங்கிய அபூர்வ இலக்கியத் திட்டம் அது!

விடுதலைக்குப் பின், 1982 முதல் அயல்நாட்டு வாழ்க்கை. 1986இல் ‘மட்டிகாரி’ நாவல் வெளியானதும், நீதி கேட்டு ஊர் ஊராக அலையும் மட்டிகாரியைக் கைது செய்ய உத்தரவு பிறந்ததாகக் கூகி எழுதியிருக்கிறார். தேடிய பிறகே, அது நாவல் பாத்திரம் என்று காவல்துறைக்குத் தெரிந்ததாம். ஆளைப் பிடிக்க முடியாததால் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள்.

‘டீகாலனைசிங் தி மைண்ட்’ (1986) நூலில் தாய்மொழியில் எழுதுவதன் அரசியலை விளக்கினார். அந்த வாதம் இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடம். கூகி 2025 மே மாதம் மறைந்தார். நோபல் பரிசு மட்டும் கடைசிவரை அவரைத் தேடி வரவில்லை.