மணி தவறிய வழக்கில் கடிகாரச் சில்லின் குற்றமின்மை

ஆர்டுயினோப் பலகையில் மணி தவறினால் முதலில் திட்டு வாங்குவது டிஎஸ்1307, டிஎஸ்3231 என்னும் கடிகாரச் சில்லுகள்தாம். எதிர்த்துப் பேச வாயில்லாத அவை பெரும்பாலும் நிரபராதிகள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளாலும் இதை நிறுவலாம். உரை என்றது இங்கே ஆன்றோர் வாக்கையன்று, சில்லின் தரவுத்தாளை. மூன்றில் கடைசியாகப் புரட்டப்படுவதும் அதுவே. முதலில் காட்சி: திரையில் மணி 165, நிமிடம் 165 என்று தெரிகிறது. சில்லுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று புதியது வாங்கப் புறப்படுவோர் உளர். அந்த எண்ணைச் சில்லு சொல்லவே இல்லை. சில்லைப் பலகையோடு இணைக்கும் எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகள் இடம் மாறியோ கழன்றோ கிடந்தால் பதில் வராது. வராத பதிலை நிரல் 255 என்று எடுத்துக்கொள்ளும். எட்டு பிட்டில் ஒரு பாதி பத்துகளுக்கு, மறுபாதி ஒன்றுகளுக்கு என்பது கடிகாரத்தின் எழுத்து முறை. 255-ஐ அப்படிப் பிளந்தால் 15 பத்தும் 15 ஒன்றும், ஆக 165. ஊரிலேயே இல்லாதவனின் வாக்குமூலத்தை நாமே எழுதிக்கொண்டது போலத்தான் இது.

இனிக் கருதல். அடுத்த புகார், பலகையை அணைத்துப் போடும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல் அதே பழைய மணி திரும்புவது. பேட்டரி செத்துவிட்டது என்பாரும் உளர், அது பொருந்தாது. செத்திருந்தால் 3231 சில்லு 2000-ஆம் ஆண்டு சனவரி 1-க்குப் போயிருக்கும். இங்கோ நிரலைத் தொகுத்த நொடிக்கே திரும்புகிறது. மாதிரி நிரலிலிருந்து படியெடுத்த, தொகுத்த நேரத்தைக் கடிகாரத்தில் எழுதும் ஒற்றை வரி, பலகை எழும்போதெல்லாம் ஓடும் செட்டப் பகுதியில் நிபந்தனையின்றி உட்கார்ந்திருப்பதே காரணம் என்க. இத்தனைக்கும் உரையின்படி 3231, தன் ஓட்டம் நடுவில் நின்றதா என்பதை நிலைப் பதிவேட்டில் ஒரு பிட்டாகக் குறித்து வைக்கிறது. அது 1 என்றால் மட்டும் நேரம் எழுதினால் போதும். 1307 இன்னும் அடக்கமானது. முதன்முதல் மின்சாரம் வந்ததும் ஓடாமலே நிற்கும். யாராவது நேரம் சொன்னால்தான் புறப்படும். இதைத்தான் ‘டெட் பீஸ்’ என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

பேட்டரி வழக்கு சற்றுக் கனமானது. 3231 வரும் இசட்எஸ்-042 என்னும் மலிவான நீலப் பலகையில், 200 ஓம் மின்தடையும் சின்னக் கண்ணாடி டையோடும் வழியாகப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் பாதை உண்டு. எல்ஐஆர்2032 என்னும் ரீசார்ஜ் வட்டுக்காக வைத்தது அது. கையில் கிடைக்கும் சிஆர்2032-ஐப் போட்டுப் பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்றவே கூடாத பேட்டரிக்குள் ஓயாமல் மின்சாரம் புகும். அது வீங்கலாம், கசியலாம். எல்ஐஆர் போட்டாலும், டையோடு தின்றதுபோக மிஞ்சுவது அதன் 4.2 வோல்ட் வரம்பைத் தாண்டும். சால்டரிங் அயர்னால் அந்த டையோடையோ மின்தடையையோ எடுத்துவிட்டு சிஆர்2032 போடுவதே பரிகாரம். குற்றம் பலகையை வரைந்தவருடையது.

‘1307 மாதம் ஒரு நிமிடம் தவறுகிறதே, அதற்கு யார் பொறுப்பு?’ என்று கடாவினால், பக்கத்தில் படுத்திருக்கும் உருளைப் படிகம் என்பது விடை. நொடிக்கு 32,768 முறை அதிர வேண்டியது படிகம். எண்ணுவது மட்டுமே சில்லின் வேலை. படிகத்தில் 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, விலகல் இருந்தால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 நொடி. போதாததற்கு, 25 டிகிரியை விட்டு விலகி எந்தப் பக்கம் போனாலும் அது மந்தமாகும்; 40 டிகிரியில் நாளுக்கு மேலும் 0.7 நொடியளவு பிந்தும். 3231 படிகத்தைத் தன் வயிற்றிலேயே வைத்திருப்பதால் இந்தச் சாக்கு அதற்குச் செல்லாது. அதனால்தான் 64 நொடிக்கு ஒருமுறை தன் சூட்டைத் தானே அளந்து திருத்திக்கொண்டு, 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம்முக்குள், அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிடம் போல, நிற்கிறது. ஆகவே காசு கொஞ்சம் கூடினாலும் 3231 வாங்குக. 3.3 வோல்ட் பலகையென்றால் 1307-ஐ நினைக்கவே வேண்டாம், அதற்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும்.

வைஃபை இருக்கையில் இணையத்திலிருந்தே மணி வாங்கலாமே என்பார்க்கு: வாங்கலாம், இணையம் உள்ளவரை. மின்வெட்டு முடிந்து ரௌட்டர் எழுந்திருப்பதற்குள், மணி பார்த்து மோட்டார் போடும் பலகையென்றால், போடுவதா வேண்டாமா என்று அது முடிவெடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியில் மணி தெரிந்திருப்பது பேட்டரியோடு இருக்கும் சில்லுக்கு மட்டுமே. கிழமை தவறுகிறது என்னும் புகார் இங்கே விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. சில்லு கிழமையைக் கணக்கிடுவதே இல்லை, நாம் சொல்லிக்கொடுத்த எண்ணோடு நள்ளிரவுதோறும் ஒன்று கூட்டுகிறது, அவ்வளவே.