மாலை ஆறு மணிக்கு மேல் எதைப் படிப்பது?

கேள்வி: அம்பத்தூரில் வேலை. ஐந்தரைக்கு விட்டுவிடுவார்கள். மாலை வகுப்பில் ஒரு பட்டம் வாங்கிவிட ஆசை. பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.ஏ. வரலாறு மூன்றுமே பிடித்திருக்கிறது. எதில் சேரட்டும்?

பதில்: மூன்றும் பிடித்திருப்பது நல்ல விஷயம். பிடிக்காத பாடத்துக்காக வேலை முடிந்து பஸ் ஏற யாருக்கும் கால் வராது. ஆனால் 'எது பிடிக்கும்' என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மூன்றில் எதை வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்தால் தேறமாட்டேன்? மாலை வகுப்பை அதற்குத்தான் கொடுக்க வேண்டும். வேலை பார்ப்பவருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு நேரம். தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. வருடத்துக்கு 40 கிரெடிட், ஆக 1,200 மணி நேரம். வகுப்பு, வீட்டுப் படிப்பு, செய்முறை, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 48 வாரங்களுக்குப் பிரித்துப் பார்த்தால் வாரத்துக்கு 25 மணி. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம். கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். இந்த நேரத்தை யாரிடமும் கடன் வாங்க முடியாது. அதனால் புத்தகமே தரக்கூடிய ஒன்றுக்காக, அலுத்துப்போன உடம்போடு மாலை நேரத்தை வகுப்பறையில் கழிப்பது வீண்.

வகுப்பறையில் மட்டும் கிடைப்பது எது? நீங்கள் தப்புச் செய்யும் அதே நிமிஷத்தில் அதைப் பிடித்துக் காட்ட ஓர் ஆள். கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபூரியர் தொடரில் ஒரு கெழுவைக் கண்டுபிடிக்கும்போது 'காஸ் என் பை' என்றொரு உறுப்பு வரும். என் ஒற்றைப்படை என்றால் அதன் மதிப்பு கழித்தல் ஒன்று, இரட்டைப்படை என்றால் கூட்டல் ஒன்று. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் கூட்டல் ஒன்று என்று போட்டுவிட்டால், குறிகள் மாறிமாறி வரவேண்டிய தொடர் முழுக்க ஒரே குறியில் நிற்கும். கைடை வைத்துக்கொண்டு படிக்கிறவர் இந்தத் தப்பைச் செய்வதே இல்லை. காரணம், கைடில் அந்த வரி சரியாக அச்சாகியிருக்கிறது. கண் அதைத் தாண்டிப் போகிறது, புரிந்துவிட்டதென்ற நிம்மதியும் வந்துவிடுகிறது. தேர்வு அறையில்தான் தப்பு முதல்முறையாக நடக்கிறது. வகுப்பில் தானே கணக்குப் போடுகிறவருக்கு அது ஒரு சாதாரண திங்கட்கிழமையே நடந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, 'குறி எங்கே?' என்று கேட்டுவிடுவார். ஆகவே உங்களுக்குக் கணிதத்தையே சொல்வேன். வரலாறு உங்களோடு வீட்டுக்கு வரும். தொலைநிலைக் கல்வியில் எடுத்து நன்றாகவே படிக்கலாம். பி.காம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கணக்குப்பதிவியலுக்கு ஆள் வேண்டும், நிறுவனச் சட்டத்துக்குப் பொறுமை போதும்.

விண்ணப்பம் போடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நம் கலைக் கல்லூரிகளில் 'ஷிப்ட் 2' என்பதை ஈவினிங் காலேஜ் என்று சொல்லும் பழக்கம் உண்டு. அது பெரும்பாலும் மதியம் தொடங்கி மாலையில் முடியும் முழுநேரப் படிப்பு. ஐந்தரைக்கு வேலை முடிகிறவருக்கு அது ஆகாது.

கேள்வி: யூடியூபில் எல்லாப் பாடமும் இலவசமாகக் கிடக்கிறதே? தப்பைக் கண்டுபிடிக்கத் தீர்வுப் புத்தகம் இருக்கிறது. இதற்கு எதற்குக் கட்டணம், பஸ், கொசுக்கடி?

பதில்: பாடம் கிடைப்பது வேறு, படித்து முடிப்பது வேறு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து உலகத்துக்கே திறந்துவிட்ட இணைய வகுப்புகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017–18-இல் பதிவு செய்தவர்களில் படித்து முடித்தவர்கள் 3.13 சதவீதம். உலகின் மிகச் சிறந்த ஆசிரியர்கள், காசு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் நூற்றுக்கு மூன்று பேர். அதே வகுப்புகளில் பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 46 சதவீதத்தினர் முடித்திருக்கிறார்கள். பணம் கட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே உறுதியானவர்கள் என்று நீங்கள் மடக்கலாம். அது ஓரளவு உண்மைதான். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களை அந்த உறுதியால்கூட இழுத்துக்கொண்டு போக முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். 'எப்போது வேண்டுமானாலும்' என்பது நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர் காதில் 'நாளைக்கு' என்றுதான் விழுகிறது. செவ்வாய் மாலை ஆறே காலுக்கு இந்த அறையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம், சோர்ந்த மனிதருக்குச் செய்யும் உதவி.

தீர்வுப் புத்தக விஷயத்துக்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்டது. ஒரு பகுதியை மாணவர்கள் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மறுசாரார் மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். தனியாகப் படிக்கிறவர் இயல்பாகச் செய்வது முதலாவது. மறுபடி படிப்பது சுகமாக இருக்கும், தெரிந்தது போலவும் தோன்றும். நல்ல வகுப்பு கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பது இரண்டாவது. வீட்டிலேயே புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்க்கிற ஒழுங்கு உங்களுக்கு இருக்கிறதென்றால், உங்கள் வழியில் போங்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கொசுக்கடி தேவையில்லை.

கேள்வி: நீங்கள் சொல்லும் வகுப்பு எந்த ஊரில் நடக்கிறது? எங்கள் மாலை வகுப்பில் ஆசிரியர் நோட்ஸ் வாசிக்கிறார், நாங்கள் எழுதுகிறோம். ஏழு மணிக்குப் பாதிப் பேர் தூக்கம். தப்பைப் பிடிக்க யாரும் விழித்திருப்பதில்லை.

பதில்: நான் சொன்னதற்கு வந்திருக்கும் வலுவான மறுப்பு இதுதான். நோட்ஸ் வாசிக்கும் வகுப்புக்கு ஜெராக்ஸ் கடை போதும், அதில் உங்கள் மாலையைக் கொடுக்காதீர்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2014-இல் அமெரிக்காவில் வெளியானது. ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்புகளில் தோல்வி அடையும் வாய்ப்பு, மாணவரைச் செய்ய வைக்கும் வகுப்புகளைவிட ஒன்றரை மடங்கு என்று அதில் தெரிந்தது. அந்த மாணவர்கள் பெரும்பாலும் பகலில் படிக்கிறவர்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு, கேட்டுக்கொண்டே இருப்பது தாலாட்டாகத்தான் முடியும். தூங்கியதற்கு அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் இதிலிருந்து மாலை வகுப்பே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். பாடத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, வகுப்பு நடக்கும் விதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சேருமுன் துறைத் தலைவரைப் பார்த்து, ஒரு நாள் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால், வகுப்பு விட்டு வெளியே வரும் மாணவரிடம் இரண்டு விஷயம் கேட்டால் போதும்: கடைசியாக எப்போது உங்கள் பேப்பரைத் திருத்தித் தந்தார்கள்? இன்டர்னல் மார்க் எதற்குத் தருகிறார்கள்? 'அசைன்மென்ட் காப்பியடித்துக் கொடுத்தால் போட்டுவிடுவார்கள்' என்று பதில் வந்தால், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம். முதலில் வரலாற்றை வீட்டுக்கு அனுப்பினேன் இல்லையா? ஒரு கல்வெட்டுச் செய்தியை மேஜையில் போட்டு, 'இதிலிருந்து நிலவரி பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது?' என்று மாணவர்களை வாதாட விடும் ஆசிரியர் உங்கள் ஊரில் இருந்தால், கணிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வகுப்புக்கே போங்கள். அந்த வாதம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கேள்வி: பகுதிநேர எம்.இ. சேர்ந்தால் வேலையையும் படிப்பையும் சமாளிக்க முடியுமா? தூக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத் தயார்.

பதில்: தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2003-இல் வந்தது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. அதைவிடப் பயமுறுத்துவது, தாங்கள் அவ்வளவு மந்தமாகிவிட்டோம் என்பதை அவர்கள் உணரவில்லை. 'எனக்கு ஆறு மணி நேரம் போதும்' என்று சொல்கிறவரின் சாட்சியத்தை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். தூக்கத்தைத் தியாகம் செய்து படித்தது, தூக்கமில்லாததாலேயே நிற்காமல் போகிறது.

'பகுதிநேரம்' என்ற பெயர் பாதிச் சுமை என்ற எண்ணத்தைத் தருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.இ. முழுநேரத்தில் நான்கு செமஸ்டர், பகுதிநேரத்தில் ஆறு. ஒரு செமஸ்டருக்கு விழுவது முழுநேர மாணவரின் சுமையில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் முழுநேர வேலைக்கு மேல். இதைத் தெரிந்துகொண்டு சேருகிறவர் சமாளிப்பார். தெரியாமல் சேருகிறவர் முதல் செமஸ்டர் முடிவு வரும் நாளில் தெரிந்துகொள்வார். பாடங்களைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், ஒரு செமஸ்டரில் கணக்குப் போட வேண்டிய பாடம் ஒன்றும் வாசிக்க வேண்டிய பாடம் ஒன்றுமாகக் கலந்து எடுங்கள். இரண்டு கணக்குப் பாடங்களை ஒரே செமஸ்டரில் சேர்ப்பவர்தான் அரியரில் மாட்டுகிறார். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்று ஷிப்ட் மாறுகிற வேலையானால் வகுப்புப் பக்கமே போக வேண்டாம் என்பேன். 75 சதவீத அட்டென்டன்ஸ் விதி உங்கள் ஃபோர்மேனைக் கேட்டு வைத்ததில்லை.

கேள்வி: தொலைநிலையில் வாங்கும் பட்டத்துக்கு மதிப்பில்லை என்கிறார்கள். நீங்களோ பாதிப் படிப்பை அங்கே அனுப்புகிறீர்கள்.

பதில்: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம், நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. 'அங்கீகாரம்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்தக் குறிப்பிட்ட ஆண்டும் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அட்மிஷன் ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அரசுப் பணி நோக்கமென்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முறியக்கூடாது.

பொறியியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்குத் தொலைநிலையில் இடமே இல்லை. மாலையில் சட்டம் படிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இங்கேயே பதில்: பார் கவுன்சிலின் 2008 விதிகள் வகுப்பு காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே நடக்க வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம் நடக்க வேண்டும் என்கின்றன. முழுநாள் வேலையோடு அது ஒத்துவராது. 'வராமலே அட்டென்டன்ஸ் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் கல்லூரி, நாளைக்கு உங்கள் கறுப்பு அங்கிக்கே உலை வைக்கும்.

கேள்வி: மாலை ஆறு மணிக்கு வகுப்பு என்கிறீர்கள். ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வீட்டுப்பாடம், ஏழு மணிக்கு இட்லி, எட்டு மணிக்கு மாமியாருக்கு மாத்திரை. வேலைக்கும் போகிறேன். உங்கள் யோசனை ஆண்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை அம்மா. ஆனால் மாலை நேரம் எல்லோருக்கும் ஒரே அளவில் காலியாக இல்லை என்று நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் கிடையாது. மேலே போட்ட 25 மணி நேரக் கணக்கு, வீட்டுக்கு வந்ததும் தட்டு எதிரே வந்துவிடுகிற ஒருவருடைய கணக்கு. அதை உங்கள் மேல் வைத்துவிட்டு, 'நேரத்தைத் திட்டமிடுங்கள்' என்று புத்தி சொல்வது அநியாயம். இட்லி ஊற்றத் தெரிந்த இன்னொருவர் வீட்டில் உருவாவது, நீங்கள் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பதைவிட நியாயமான வழி. சேருவதைப் பற்றி வீட்டில் பேசும்போது அனுமதியாகக் கேட்காதீர்கள். வாரத்தில் எந்த மூன்று மாலை, எந்த வேலையை யார் செய்வது என்று பெயர் போட்டுப் பேசுங்கள்.

மாலை முடியவே முடியாதென்றால், தேர்ந்தெடுக்கும் விதி அப்படியே இருக்கட்டும். நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தனியாகத் தேறக்கூடிய படிப்பைத் தொலைநிலையில் எடுங்கள், வார இறுதி நேர்முக வகுப்பை ஒன்றுகூட விடாதீர்கள், கூடப் படிக்கும் இரண்டு பேருடைய போன் நம்பரை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள்தான் உங்கள் தப்பைப் பிடிக்கும் ஆட்கள். மாலைக் கல்லூரிதான் வேண்டும் என்றால், அதைப் பாடத்துக்கு முன் பாதையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் செலவு பெரிய தடையாக இருக்காது. கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் பேருந்து இருக்கிறதா, நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா என்று ஒரு வேலைநாள் இரவில் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். பேருந்து இல்லையென்றால் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள். வகுப்பை அரை மணி முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.