சாவி யார் கையில, பேராண்டி?

ஏப்பா பேராண்டி, பெங்களூருல லினக்ஸ் கெர்னல் எழுதுற பெரிய மனுசன் நீ. கம்பத்துல பன்னீர் திராட்சைக்குத் தண்ணி பாய்ச்சுற கெழவன் நான். எனக்கென்ன வெவரம் தெரியும்ங்கிற? பங்குக் கெணறு வச்சிருக்கவனுக்குத் தெரியாத வெவரமா! நாலு பங்காளிக்கு ஒரே மோட்டாரு. எவன் முறையோ அவன் கையில மோட்டார் ரூம் சாவி. சாவி இல்லாதவன் சுவிட்சுல கை வச்சா அன்னைக்குப் பஞ்சாயத்துதான். பொது டேட்டாவை ஒரு நேரத்துல ஒருத்தன் மட்டும் தொட நீ போடுற லாக்கும் அதேதான?

ஆனா நீ பண்ணுற கூத்து இருக்கே! "லாக் எடுத்துட்டுத் தொடவும்"னு கமெண்ட் எழுதி வச்சுட்டு நிம்மதியாத் தூங்குற. அடுத்த மாசம் நீயே அதைப் படிக்க மாட்ட. அதையே வேரியபிள் பக்கத்துல கார்டட் பைன்னு லாக் பேரோட குறிச்சு வையி, அந்தச் சோதனையை ஆன் பண்ணுனா கிளாங் கம்பைலர் படிக்கும். லாக் இல்லாமத் தொட்டா கம்பைல் பண்ணும்போதே கத்தும். ஓடுற நேரத்துல காலணா செலவு கெடையாது. மெமரி கெடைக்கலைன்னு பாதியில ரிட்டர்ன் ஆகி ஓடுவியே, லாக்கை விடாமலே? அந்தச் சந்துக்குள்ளயும் போய்ப் பாத்துட்டு வரும்.

"கெர்னல் ஓடும்போதே லாக் தப்பைப் பிடிக்க லாக்டெப் இருக்கே தாத்தா"ம்ப. 2006-ல வந்தது, கெட்டிக்காரந்தான். ஆனா ஓடுன பாதையைத்தான் அது பாக்கும். லினக்ஸ் எழுதுன டோர்வால்ட்ஸ் 2003-ல எழுதுன ஸ்பார்ஸ்ங்கிற செக்கரோ, எடுத்த லாக்கை விட்டியான்னு கணக்குப் பாக்கும்; எந்தச் சொத்துக்கு எந்தப் பூட்டுன்னு கேக்காது.

அதைக் கேக்குறது கார்டட் பை குறிதான். அதுக்காக ரொம்பத் துள்ளாத. டர்ட்டி கவ்னு ஒரு ஓட்டை 2007-ல கெர்னலுக்குள்ள குடியேறி, 2016-லதான் அம்பலமாச்சு. அது லாக்கை மறந்த கதையில்ல. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல இன்னொருத்தன் புகுந்து நெலமையை மாத்துன கதை. இந்தக் குறி அதைப் பிடிச்சிருக்காது. நீ தப்பான லாக் பேரைக் குறிச்சாலும், தப்பைத்தான் அது சுத்தமாக் காவல் காக்கும்.

கம்பைலர் கத்துதேன்னு, 'இந்த ஃபங்ஷனைப் பாக்காத'ன்னு ஒரு குறி போட்டு அது வாயை அடைப்ப பாரு, அதுல நீ சூரன்!

பழைய கோடு பூராத்துக்கும் ஒரே ராத்திரியில குறி போடக் கெளம்பாத. எந்த ஸ்ட்ரக்ட்டுக்கு எந்த லாக்குன்னு கேட்டா நீ தலையைச் சொறியுறியோ, அங்க ஆரம்பி. பக் குடியிருக்கது அங்கதான்.