வயலின் வந்த வழியில் கிட்டார்

கேள்வி: பிங்க் ஃப்ளாய்ட், கிங் கிரிம்சன் என்று 70களிலேயே நிற்கிறது என் காது. அதே மணத்தோடு இன்று வாசிக்கும் குழு ஒன்றைச் சொல்லுங்களேன்? - சிப்காட் வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: ‘அகம்’. பெங்களூருக் குழு. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார், வயலினும் வாசிக்கிறார். 2012-ல் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’, 2017-ல் ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ என்று ஆல்பங்கள் வந்தன. இரண்டாவதில் உள்ள ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். தியாகராஜரின் நளினகாந்தி ராகக் கீர்த்தனை, முழு ராக் குழுவோடு. ‘கலைஞன்’ படத்தின் ‘எந்தன் நெஞ்சில்’ கேட்டவருக்கு அந்த ராகம் ஏற்கெனவே சொந்தம்.

கேள்வி: ப்ராக்ரஸிவ் ராக் என்றால் புரியாத இசையா? - மீஞ்சூர் வாசகி

பதில்: பொறுமை கேட்கும் இசை. மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தவர்கள் செய்தது. ‘யெஸ்’ குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ (1972) இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ (1973) ஏழு ஏழாக எண்ண வைக்கும். மிஸ்ர சாபுவுக்குத் தொடை தட்டிய ஊர் நாம். நமக்கா புரியாது?

கேள்வி: கீர்த்தனைக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பது மரபுக்குக் கேடில்லையா? - பொன்னேரி வாசகர்

பதில்: உங்கள் பக்கத்து மணலியைக் கேளுங்கள். இன்று எண்ணெய் ஆலைக்குப் பெயர்போன அந்த ஊரின் முதலியார்கள்தான் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தவர்கள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் பாடுகிறோம். அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அந்த வயலின் இல்லாத கச்சேரியை இன்று நினைக்க முடியுமா? கிட்டாருக்கும் அதே வாசலைத் திறந்து வைப்போம்.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை. பழைய கீபோர்டுகளின் ஒலியை இத்தனை பேர் கொண்டாடுகிறார்களே, கம்ப்யூட்டரில் வராதா? - திருவள்ளூர் வாசகர்

பதில்: வரும், நன்றாகவே வரும். ஆனால் உங்களைப் போன்றவர் அந்த வாத்தியத்தின் உள்ளே பார்க்க வேண்டும். ஹாமண்ட் ஆர்கனில் மோட்டார் சுற்ற, பல்லுள்ள இரும்புச் சக்கரங்கள் காந்தச் சுருளின் எதிரே ஓடும். பல் எண்ணிக்கையும் வேகமும் சேர்ந்துதான் சுருதி. மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு. எட்டு விநாடிதான் ஓடும், அதற்குள் விரலை எடுத்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடே வாசிப்பவரின் பாணியைச் செதுக்கியது. நார்வேயின் ‘வாப்ளர்’ குழு இன்றும் இவற்றை வைத்தே இசை அமைக்கிறது. ‘ஃப்ரம் சைலன்ஸ் டு சம்வேர்’ (2017) கேளுங்கள்.

கேள்வி: நைட் ஷிஃப்ட் முடிந்து லோக்கல் ரயிலில் போனில் கேட்டால் போதுமா? - கவரைப்பேட்டை வாசகர்

பதில்: தாராளமாக. ஹெட்போன் மட்டும் கட்டாயம், பக்கத்தில் தூங்குபவரும் ஷிஃப்ட் முடித்தவர்தான். ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள். சென்னைப் பக்கம் போகிறவர் என்றால் வழியில் திருவொற்றியூர் வரும். தியாகராஜர் அங்கே அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவற்றையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பாணியைப் பின்பற்றினால் அது நகல்தானே? - திருத்தணி வாசகி

பதில்: உங்கள் ஊர் முருகன் சந்நிதியில் தன் முதல் கீர்த்தனையைப் பாடிய தீட்சிதருக்கும் ராகங்கள் முன்னோர் தந்தவையே. அவரை நகல் என்போமா? ஒரு சோதனை சொல்கிறேன். மூலத்தைக் கேட்டே இராத ஒருவருக்குப் புதியதைப் போட்டுக் காட்டுங்கள். அவர் கடைசிவரை கேட்டால் அது சொந்தக் காலில் நிற்கும் இசை. கேட்டுவிட்டு மூலத்தையும் தேடிப் போனார் என்றால், அந்தக் குழு பழையதற்கும் நன்மை செய்திருக்கிறது. ‘அகம்’ இரண்டிலும் தேறும் என்பது என் உறுதியான நம்பிக்கை.