அரசர்கள் உறங்கும் அபாயப் பகுதி

பாரிசுக்குக் கிளம்பும்போது ஆளாளுக்கு ஒரே புத்திமதிதான். "93 பக்கம் மட்டும் போயிடாதீங்க." 93 என்பது நகரை வடகிழக்கில் ஒட்டிக் கிடக்கும் புறநகர் மாவட்டத்தின் எண். 2015 ஜனவரியில் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி பாரிசின் வரைபடத்தில் வட்டம் போட்டு, இங்கெல்லாம் அந்நியர் நுழையவே முடியாது என்று அலறியது. அதே மாதம் மன்னிப்பும் கேட்டது. மன்னிப்பு எவர் காதிலும் ஏறவில்லை. வட்டம் மட்டும் மண்டைக்குள் தங்கிவிட்டது.

மெட்ரோ 13இல் ஏறி அந்த 93இல் இருக்கும் செந்தெனியில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்ட பயங்கரம், பிரெஞ்சு அரசர்களைப் புதைத்த பேராலயம். ஊருக்கு ஒட்டாத வந்தேறி என்று சொல்லத்தக்க ஒருத்தியை அங்கே கண்டேன். பதினான்கு வயதில் வியன்னாவிலிருந்து வந்தவள். கடைசிவரை 'ஆஸ்திரியக்காரி' என்றே ஏசப்பட்டவள். பெயர் அரசி மரி அந்துவானெத். அவளைப் பார்க்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். வாசலுக்கு வெளியே சோளம் சுட்டு விற்கும் பெண்ணைப் பார்க்க எவரும் நிற்பதில்லை. போலீஸ் வந்தால் அவள்தான் ஓட வேண்டும்.

குடிமக்களின் இனத்தையோ நிறத்தையோ கணக்கெடுப்பதில்லை என்பது குடியரசின் பெருமை. பேரேட்டுக்குத்தான் அந்த நிறக்குருடு. தெருமுனையில் போலீசுக்குக் கழுகுப் பார்வை. கறுப்பு, அரபு இளைஞர்களிடம் நிறம் பார்த்து அடையாள அட்டை கேட்டதற்கு அரசே பொறுப்பு என்று 2016 நவம்பரில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005 அக்டோபர் 27 அன்று இதே 93இன் கிளிஷி-சூ-புவாவில் போலீசுக்குப் பயந்து ஓடிய 17 வயது, 15 வயதுப் பிள்ளைகள் இருவர் துணைமின்நிலையத்துக்குள் ஒளிந்து கருகிச் செத்தார்கள். வழக்கில் நின்ற போலீஸ்காரர்கள் மேல் குற்றமில்லை என்று சொல்லப் பத்தாண்டு பிடித்தது. அட்டை காட்டச் சொன்னால் ஏன் ஓடுகிறார்கள் என்று இன்றும் அப்பாவியாகக் கேட்கிறார்கள்!

அங்கிருந்து லாக்கூர்நெவ். நம் ஈழத்துச் சனம் நிறைய வாழும் ஊர். 2005 ஜூனில் இங்கே பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். இழவு வீட்டு ஊருக்கு வந்த உள்துறை அமைச்சர் சர்க்கோசி, இந்தக் குடியிருப்பையே 'கார்ஷர்' போட்டுக் கழுவப்போவதாகச் சூளுரைத்தார். கார்ஷர் என்பது தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கு நீக்கும் இயந்திரம். இரண்டே ஆண்டில் அவர் ஜனாதிபதி. பாரிஸ் அலுவலகங்களைக் கழுவ விடியுமுன் முதல் ரயில் ஏறுகிறவர்கள் வாழும் ஊரில் போய், கழுவுவதைப் பற்றிப் பேச ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

என்னை வரவேற்றவரும் அப்படி ரயில் ஏறுகிறவர்தான். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் புது ரயில் பாதை போடுகிறார்களே என்றேன். 93இன் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நடுவில் ஒரு நிலையம் கிடையாது. 20 நிமிடம், 24 யூரோ என்று திட்டம்.

"உங்களுக்கு அதில ஏற வழியில்லையே அண்ணை?"

சிரித்தார். "ஏற வழியில்லைத்தான் தம்பி. ஆனா பெட்டி கழுவ ஆள் வேணுமெல்லோ. அப்ப கூப்பிடுவினம்."