வீட்ல கேட்டுட்டு வரேன்

மூன்று மாதம் எங்கள் வீட்டு அரிசி டின்னில் ஒரு கேமரா லென்ஸ் குடியிருந்தது. உலை வைக்கும் நேரத்தில் என் மனைவி அதை ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் ஆழாக்கை உள்ளே விடுவாள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "வண்டு வராம இருக்க இதைத்தான் போடறீங்களா? நாங்க இன்னும் வேப்பிலைதான்" என்றார்.

கதை தொடங்கியது காசிமேட்டில். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஏலம் களைகட்டும் இடத்தில் மீன் வாங்க வருகிறவர்கள் பாதி, கழுத்தில் கேமராவோடு வருகிறவர்கள் பாதி. நான் போனை நீட்டிச் சங்கரா மீனைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கூடைக்குப் பின்னாலிருந்த அக்கா கேட்டார்: "இன்னா நைனா, போன்லயா எடுக்கற? அதோ அவரப் பாரு, பீரங்கியே வச்சிக்கினு கீறாரு." மீனையும் வாங்காமல், கேமராவும் இல்லாமல் நிற்கிறவனுக்கு அந்தச் சந்தையில் மரியாதை இல்லை என்று புரிந்தது.

எனக்குத் தம்புச் செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை. ஊரார் சரக்குக்கெல்லாம் காகிதம் தயார் செய்வது. டிஜிட்டல் கேமரா 8525, லென்ஸ் 9002 என்று தூக்கத்தில் கேட்டாலும் சுங்க எண்ணைச் சொல்வேன். எண் தெரிந்தவனுக்குச் சாமானும் தெரியும் என்று நம்பியதுதான் முதல் பிசகு. ஜாதகம் கணிக்கிறவர் மாப்பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

2018 டிசம்பர், மூன்றாவது வாரம். ஆபீசுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கேமரா கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். கடைக்காரர் பாய், நிக்கான் டி3400-ஐ எடுத்து என் கையில் கொடுத்தார். பட்டனை அழுத்தினேன். அந்த 'க்ளக்' சத்தத்திலேயே பாதி விழுந்துவிட்டேன்.

"இன்னா எடுக்கப் போற தம்பி?"

"காசிமேடு, எண்ணூர் கழிமுகம்... பறவை, படகு..."

"உப்புக்காத்து. ஜாக்கிரதையா வச்சுக்கணும். விலை முப்பத்தி நாலு. ஆனா அவசரம் இல்லன்னா ஜனவரி வரைக்கும் பொறு. வரியக் குறைக்கப் போறதா ஒரு பேச்சு அடிபடுது."

விற்கிறவரே வாங்காதே என்கிறார்! வடசென்னையில் நாற்பது வருடம் வாழ்ந்தவனுக்கு, இதில் சூது இருக்கிறது என்று தோன்றாமல் இருக்குமா? ஸ்டாக் இல்லை போலிருக்கிறது, அல்லது டிஸ்ப்ளே பீஸை நம் தலையில் கட்டப் பார்க்கிறார். மேசைக்குக் கீழே போனை இறக்கி விலை பார்த்தேன். ஆன்லைனில் முப்பத்திரண்டாயிரம். முழுசாக இரண்டாயிரம் மிச்சம். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் சொல்லப்படும் அந்தப் பொய்யைச் சொன்னேன்: "வீட்ல கேட்டுட்டு வரேன் பாய்." வீட்டில் நான் கேட்கவில்லை. பஸ் எம்.கே.பி. நகர் வந்து சேருமுன் ஆர்டர் போட்டாகிவிட்டது.

ஆன்லைன் கடைக்கு ஒரு குணம் உண்டு. அது எதையும் வேண்டாம் என்று சொல்லாது. கேமரா வாங்கினால் பை வேண்டுமா என்று கேட்கும், பை வாங்கினால் இன்னொரு கேமரா வேண்டுமா என்று கேட்கும். ஆலோசனைக்கு ஊரே இருக்கிறது. "அருமையான கேமரா, டெலிவரி பையன் பெல் அடிக்கவில்லை" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். "இன்னும் பிரிக்கவில்லை, பெட்டி நன்றாக இருக்கிறது" என்று இன்னொருவர் ஐந்து.

சரக்கு வரவேண்டிய நாளில் வரவில்லை. எங்கள் நகரில் கிழக்குக் குறுக்குத் தெருக்கள் ஒரு வரிசை, மத்திய குறுக்குத் தெருக்கள் ஒரு வரிசை. இரண்டுக்கும் ஒன்று, இரண்டு என்று நம்பர்தான் பெயர். டெலிவரித் தம்பி சரியான நம்பரில், தவறான திசையில் நின்று போன் செய்வார். அன்று நான் குதித்த குதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 1850-களில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்துக்காகப் படமெடுத்தார். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. சீமையிலிருந்து வரும் சரக்கு நடுக்கடலில் கப்பலில் நிற்கும். மசூலா படகில் இறக்கி, அலையில் தூக்கிப் போட்டு, நனைந்தது போக மீதியைக் கரைசேர்ப்பார்கள். பிறகு மாட்டு வண்டி. அப்படி அலைந்துதான் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார். நான் ஒரு நாள் தாமதத்துக்குக் கஸ்டமர் கேரில் மூன்று பேரிடம் சண்டை போட்டேன்.

பெட்டி வந்தது. செங்கல் வந்தது, சோப்பு வந்தது என்று கேள்விப்பட்டிருந்ததால், பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லி மனைவியிடம் போனைக் கொடுத்தேன். பதினோரு நிமிட வீடியோ. அதில் முழுக்க அவள் கட்டைவிரல். நல்லவேளை, உள்ளே கேமராவே இருந்தது.

டிசம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. டிஜிட்டல் கேமராவுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, ஜனவரி 1 முதல். கணக்குப் போட்டேன். அதுதானே நம் தொழில்? பாய் சொன்ன முப்பத்தி நாலாயிரம் புது வரியில் ஏறக்குறைய முப்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது. நான் புத்திசாலித்தனமாகக் கொடுத்தது முப்பத்திரண்டாயிரம். ஊருக்கெல்லாம் வரி கணக்குப் பார்க்கிற ஆபீசில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அத்தோடு விட்டேனா? எங்கள் நகருக்குப் பெயர் கொடுத்த மகாகவி பாரதிக்கு இன்று கிடைக்கும் புகைப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் போனில் டீ கிளாஸ் படம் மட்டும் நூறு தேறும். இருந்தும், முகங்களை எடுக்க 50 எம்.எம். லென்ஸ் வேண்டும் என்று மனம் அரித்தது. ஆன்லைனில் இரண்டு இருந்தன. விலை குறைந்ததின் பெயர் 'டி' என்று முடிந்தது, கூடியதின் பெயர் 'ஜி' என்று. ஒரு எழுத்துக்கு இத்தனை ஆயிரமா என்று 'டி'யை வாங்கினேன்.

மாட்டினால் மாட்டிக்கொண்டது. ஆனால் தானாக ஃபோகஸ் ஆகவில்லை. மாற்றிக் கேட்டேன். மாற்றித் தந்தார்கள், அச்சாக அதே லென்ஸை. அதுவும் ஆகவில்லை. கேமராவோடு வந்த லென்ஸ் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. புதிதாக வந்த இரண்டுக்கும் ஈரம் பிடித்துவிட்டது, எல்லாம் கடல்காற்று என்று முடிவு கட்டினேன். "போன் தண்ணில விழுந்தா அரிசில போடறீங்க இல்ல? இதையும் போடு" என்றார் அம்மா. குடியேற்றம் நடந்தது அப்படித்தான்.

மூன்று மாதம் கழித்து எடுத்தால், வளையத்தைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம். பூக்கடைப் பக்கம் பாத்திரம் வாங்கப் போன ஒரு சனிக்கிழமை, மனைவியோடு பாய் கடைக்குப் போனேன். லென்ஸை முகத்தருகே தூக்கிப் பார்த்தார். ஊதினார். விரலில் தடவிப் பார்த்தார்.

"புழுங்கலா, பச்சரிசியா?"

"புழுங்கல்தான் பாய்."

"எதுவா இருந்தா என்ன, மாவுதான். லென்ஸுக்கு ஒண்ணுமில்ல தம்பி. இதுக்குள்ள மோட்டார் கிடையாது, பாடியில இருக்கற மோட்டார்தான் இதச் சுத்தணும். உன் பாடியில மோட்டார் இல்ல."

"அது கல்யாணம் ஆனதுலேர்ந்து தெரியும் பாய்" என்றாள் மனைவி.

பாய் அவளைப் பார்த்தார். "நீங்கதானா அது? உங்ககிட்ட கேட்டுட்டு வரேன்னு போனாரே, இன்னா சொன்னீங்க?"

"என்கிட்ட எப்ப கேட்டாரு?"

இந்த இடத்தில் நான் மேல்தட்டில் இருந்த ட்ரைபாடுகளை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அந்த மோட்டார் வச்ச 'ஜி' எவ்வளவு பாய்? குடுத்துடுங்க" என்றேன், பிராயச்சித்தமாக.

"வேணாம்" என்றார். லென்ஸைக் கேமராவில் மாட்டி என் கண்ணருகே கொண்டுவந்தார். "கையால திருப்பு. அதோ கீழ பச்சைப் புள்ளி எரியுது பாரு. எரிஞ்சா ஃபோகஸ். ஆறு மாசம் இதுல எடு, அப்பறம் பேசலாம்." திருப்பினேன். தெருவில் கைவண்டி இழுத்துப் போகிறவரின் முகம், கண்ணுக்குள் மெல்ல வந்து நின்றது.

மாவைத் துடைத்ததற்குக் காசு வாங்கவில்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லி நீலநிற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். "ஊதா ரோஸ் ஆனா மாத்திடு. நாப்பது ரூபா."

பழக்கதோஷம். கை தானாக போனைத் தேடி சட்டைப் பைக்குப் போனது.

"அதுல முப்பத்தஞ்சு தம்பி" என்றார் பாய், தலை நிமிராமல்.